திரையில் இருந்த பெயர்கள்

(நூலக வாசகர் வட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)

நூலகத்தில் கணினி விளையாட்டைப் பற்றிப் பேசலாமா என்று கூட்டத்தை ஏற்பாடு செய்தவர்களிடம் முதலிலேயே கேட்டேன். "புத்தகத்தைப் பற்றிப் பேசுகிற மாதிரியே பேசுங்கள்" என்றார்கள். அப்படியே பேசுகிறேன். ஒரு புத்தகத்தை எடுத்தால் யார் எழுதியது, எப்போது எழுதியது, என்ன நிலைமையில் எழுதியது என்று கேட்போம். எங்கள் வீட்டுக்கு வந்த முதல் கணினியில் இருந்த ஆட்டங்களைப் பற்றி யாரும் அப்படிக் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது வளர்ந்து வெகுகாலம் ஆன பிறகுதான். தேடிப் போனபோது கிடைத்த விவரங்களும், எங்கள் வீட்டு முன்னறையில் நடந்தவையும் ஒன்றோடொன்று எவ்வளவு நெருங்கி இருக்கின்றன என்பதைத்தான் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

1993. ராஜபாளையம். அப்பா பஞ்சாலையில் கணக்கர். மாலையில் நாலைந்து கடைகளுக்குக் கணக்கு எழுதுவார். ஆலையில் கணினி வந்துவிட்டது, இனிக் கையால் பேரேடு எழுதுகிறவனுக்கு வேலை இருக்காது என்ற பேச்சு எழுந்தபோது, அவர் கடன் வாங்கி வீட்டுக்கே ஒரு கணினி கொண்டுவந்தார். மதுரையில் ஒரு கடையில் அசெம்பிள் செய்த 386. பஜாஜ் ஸ்கூட்டரின் விலையைவிட அதிகம். ஹார்ட் டிஸ்க் 80 எம்பி. இன்று கைப்பேசியில் எடுக்கிற சில நிமிட வீடியோகூட அதில் அடங்காது. டாஸ் 5, அதன்மேல் விண்டோஸ் 3.1. மானிட்டருக்கு முன்னால் கண்ணுக்குப் பாதுகாப்பு என்று ஒரு கறுப்புக் கண்ணாடி மாட்டியிருக்கும்.

எங்கே வைப்பது என்ற பேச்சு வந்தது. அப்பா தன் மேசையில் வைக்க நினைத்தார். ஆனால் எர்த் சரியாக இருந்த ஒரே பிளக் பாயிண்ட் முன்னறையில், டிவிக்குப் பக்கத்தில் இருந்தது. அதனால் அங்கேயே வைத்தார்கள். என் குழந்தைப் பருவத்தை இவ்வளவு தூரம் மாற்றியது அந்த பிளக் பாயிண்ட்தான் என்று நான் உண்மையாகவே நம்புகிறேன். அப்பாவின் அறைக்குள் போயிருந்தால் அது அலுவலகப் பொருளாகவே முடிந்திருக்கும். முன்னறையில் இருந்ததால் பொதுப்பொருள் ஆனது. ஒருவர் உட்கார்ந்தால் மூன்று பேர் பின்னால் நின்று பார்ப்போம். ஆடுகிறவரைவிடப் பார்க்கிறவர்களுக்குத்தான் பரபரப்பு அதிகம்.

முதலில் வந்த ஆட்டம் பாராட்ரூப்பர். மதுரையிலிருந்து மாமா மகன் ஒரு ஃப்ளாப்பியில் கொண்டுவந்தான். கீழே நடுவில் ஒரு பீரங்கி. வானத்தில் ஹெலிகாப்டர்கள் குறுக்கும் நெடுக்கும் போகும். அவற்றிலிருந்து வீரர்கள் பாராசூட்டில் குதிப்பார்கள். சுட வேண்டும். ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு புள்ளி போய்விடும் என்பதால் கண்டபடி சுடவும் முடியாது. ஒரே பக்கத்தில் நாலு பேர் இறங்கிவிட்டால், ஒருவர்மேல் ஒருவர் ஏறி நின்று பீரங்கியைத் தகர்த்துவிடுவார்கள். மூன்று பேர் இறங்கி நாலாவது ஆள் காற்றில் மிதந்து வருகிற அந்த நேரத்தில் எங்கள் முன்னறையில் யாரும் மூச்சு விட மாட்டார்கள்.

இந்த ஆட்டத்தை எழுதியவர் கிரெக் குப்பர்பெர்க். 1982-இல் ஐபிஎம் கணினிக்காக எழுதினார். அவர் பிறந்தது 1967. கணக்குப் போட்டுப் பாருங்கள், பள்ளிக்கூடப் பையன். போலந்தில் பிறந்தவர், அப்பா அம்மா இருவரும் கணிதப் பேராசிரியர்கள், அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஆபர்ன் என்ற ஊரில் வேலை பார்த்தவர்கள். இன்று அவரும் கணிதப் பேராசிரியர், கலிபோர்னியாவில் டேவிஸ் பல்கலைக்கழகத்தில்.

அவருடைய தாயார் கிறிஸ்டினா குப்பர்பெர்க்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். முப்பரிமாணக் கோளம் என்று கணிதத்தில் ஒன்று உண்டு. அதன்மேல் எப்படிப்பட்ட ஓட்டம் இருந்தாலும், புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருகிற பாதை ஒன்றாவது இருந்தே தீருமா? சைஃபர்ட் என்ற ஜெர்மானியக் கணிதவியலாளர் 1950-இல் எழுப்பிய கேள்வி இது. திரும்பி வரும் பாதையே இல்லாத, கணிதத்தின் பொருளில் முழுக்க மென்மையான ஓட்டம் ஒன்றை 1993-இல் கிறிஸ்டினா அமைத்துக் காட்டினார். அதையொட்டித் தாயும் மகனும் சேர்ந்து எழுதிய கட்டுரை 1996-இல் 'ஆனல்ஸ் ஆஃப் மேத்தமேட்டிக்ஸ்' இதழில் வந்தது. கணித உலகில் அதைவிடப் பெரிய இதழ் என்று சொல்ல அதிகம் இல்லை. அந்த அம்மா தன் ஓட்டத்தை அமைத்துக்கொண்டிருந்த அதே ஆண்டில், அவர் மகன் பையனாக இருந்தபோது எழுதிய பீரங்கியை ராஜபாளையத்தில் என் அக்கா இயக்கிக்கொண்டிருந்தாள். பிளஸ் ஒன் படித்த அக்காவுக்கும் கணக்குத்தான் உயிர்.

கிரெக்கின் பெயர் ஆட்டத்தின் முதல் திரையிலேயே இருந்தது. ஏதாவது ஒரு விசையைத் தட்டினால் அந்தத் திரை போய்விடும். உலகம் முழுக்கப் பிள்ளைகள் அப்படித்தான் தட்டிவிட்டுப் போயிருப்பார்கள்.

அடுத்து டேவ். 'டேஞ்சரஸ் டேவ்' என்ற முழுப்பெயரை எங்கள் தெருவில் யாரும் சொன்னதில்லை. "டேவ் இருக்கா?" என்றுதான் கேட்பார்கள். சிவப்புத் தொப்பி போட்ட ஆள், கோப்பையை எடுத்தால்தான் கதவு திறக்கும், பத்து நிலைகள். இந்தியாவில் தொண்ணூறுகளில் கணினி தொட்ட பிள்ளைகளில் டேவ் ஆடாதவர் அபூர்வம். ஜான் ரொமேரோ 1988-இல் இதை ஆப்பிள் 2 கணினிக்காக எழுதினார். 1990-இல் டாஸுக்கு வந்தது.

இந்த டேவுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. அன்றைய ஐபிஎம் வகைக் கணினிகளில், ஆள் ஓட ஓடப் பின்னணிக் காட்சி வழுக்கிக்கொண்டு நகர்வது நடக்காத காரியம் என்றே நினைத்திருந்தார்கள். 1990 செப்டம்பரில் ரொமேரோவுடன் வேலை பார்த்த ஜான் கார்மாக் அதற்கு வழி கண்டுபிடித்தார். உடன் வேலை பார்த்த டாம் ஹாலும் கார்மாக்கும் சேர்ந்து ஒரே இரவில் நின்டெண்டோவின் 'சூப்பர் மரியோ 3' ஆட்டத்தின் முதல் நிலையை அப்படியே கணினியில் செய்து, மரியோவின் இடத்தில் டேவை நிறுத்தி, ஃப்ளாப்பியில் போட்டு ரொமேரோவின் மேசையில் வைத்துவிட்டுப் போனார்கள். காலையில் வந்து பார்த்த ரொமேரோவுக்கு அன்றைக்கு வேறு வேலை ஓடவில்லை. அதிலிருந்து பிறந்ததுதான் ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம். 1993 டிசம்பரில் அந்த நிறுவனத்தின் 'டூம்' வெளியானது. கணினி விளையாட்டு அதற்குப் பிறகு வேறு ஒன்றாக மாறியது. அந்த மரியோ முயற்சியை விரித்து நின்டெண்டோவுக்குக் காட்டிய மாதிரியின் பிரதி ஒன்று 2021-இல் நியூயார்க் மாநிலத்தில் ராச்செஸ்டரில் உள்ள ஸ்ட்ராங் விளையாட்டு அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஃப்ளாப்பிக்கு அருங்காட்சியகத்தில் இடம் உண்டு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

இப்போது நான் அதிக நேரம் எடுத்துக்கொள்ளப் போகிற ஆட்டம். 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா'.

பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். வெள்ளை உடை அணிந்த ஒருவன் நிலவறையில் விழுகிறான். அறுபது நிமிடத்துக்குள் இளவரசியை மீட்க வேண்டும். அவன் ஓடுகிற விதம், விளிம்பைப் பிடித்துத் தொங்கி உந்தி ஏறுகிற விதம், ஓடி வந்து நிற்கும்போது சறுக்கிச் சமாளிக்கிற விதம் எல்லாம் நிஜ உடம்பின் அசைவுகள். அதற்கு முன் நாங்கள் பார்த்த பொம்மைகள் எல்லாம் கட்டம் கட்டமாகத் துள்ளியவை. இவனுக்கு எடை இருந்தது. உயரத்திலிருந்து விழுந்தால் எங்களுக்கு வலித்தது. அம்மா ஒருநாள் கூர்முனைகளில் அவன் விழுந்ததைப் பார்த்துவிட்டு, "ஐயோ, பிள்ளை" என்று கையிலிருந்த முறத்தைக் கீழே போட்டுவிட்டார்.

அந்த உடம்பு யாருடையது? ஜோர்டன் மெக்னர் 1985-இல் யேல் பல்கலைக்கழகப் படிப்பை முடித்திருந்தார். தம்பி டேவிட்டுக்கு வெள்ளை உடை போட்டு, ஒரு வண்டி நிறுத்துமிடத்தில் ஓடவும் குதிக்கவும் ஏறவும் வைத்து வீடியோ எடுத்தார். பிறகு அதைச் சட்டம் சட்டமாகப் பிரித்து, மேலே வரைந்து, கணினிக்குள் கொண்டுபோனார். வாள்சண்டைக்கு 1938-இல் வந்த ராபின் ஹூட் படத்தின் சண்டைக்காட்சியைப் பார்த்து வரைந்தார். இசை அமைத்தவர் அவருடைய தந்தை பிரான்சிஸ் மெக்னர். தொழிலால் உளவியலாளர், வியன்னாவில் பிறந்து, சிறுவயதில் நாஜிகளிடமிருந்து குடும்பத்தோடு தப்பி வந்தவர். ஆக, எங்கள் வீட்டில் நாலு பேர் கூடி நின்று பார்த்த அந்த ஆட்டத்தில் தம்பியின் ஓட்டம் இருந்தது, அப்பாவின் மெட்டு இருந்தது, அண்ணனின் நான்கு ஆண்டு உழைப்பு இருந்தது. 1989-இல் ஆப்பிள் 2-க்கும் அடுத்த ஆண்டு டாஸுக்கும் வெளியானது.

நாலாவது நிலையில் ஒரு கண்ணாடி வரும். இளவரசன் அதற்குள் பாய்ந்தால் அவனுடைய நிழல் பிரிந்து எதிர்ப்பக்கம் ஓடிவிடும். அன்றிலிருந்து அந்த நிழல் அவனுக்கு எதிரி. அவன் குடிக்க வேண்டிய மருந்தைக் குடித்துவிடும், கதவை மூடிவிடும். பன்னிரண்டாவது நிலையில் நேருக்கு நேர் வாளோடு வந்து நிற்கும். நிழலை வெட்டினால் தனக்கே காயம். நாங்கள் நாட்கணக்கில் செத்துக்கொண்டிருந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா சொன்னாள்: "டேய், வாளை உறையில போடு." போட்டேன். நிழலும் போட்டது. அருகில் நடந்தேன். இரண்டும் ஒன்றாகிவிட்டன. அப்பா நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார்.

நான் வளர்ந்த பிறகு வாசித்தேன். அந்த நிழலே நெருக்கடியில் பிறந்தது. ஆப்பிள் 2-இன் நினைவகம் நிரம்பிவிட்டது. இளவரசனுக்கு எதிராக ஓர் ஆளைக் கொண்டுவா என்று தோழி ஒருவர் வற்புறுத்துகிறார், ஆனால் புதிய உருவத்துக்கு உள்ளே இடமே இல்லை. இளவரசனின் படங்களையே எடுத்து, சற்றே நகர்த்தி, அதன்மேலேயே பொருத்தி, புள்ளிகளை மாற்றிப் போட்டபோது மினுங்குகிற ஓர் உருவம் வந்தது. அதுவே நிழல். கதையின் ஆழமான பகுதி என்று நாங்கள் கொண்டாடிய ஒன்று, பற்றாக்குறைக்கு ஒரு மனிதர் கண்டுபிடித்த விடை. இதைத் தெரிந்துகொண்டபோது அந்த ஆட்டத்தின் மேல் எனக்கு மதிப்பு இரண்டு மடங்கானது.

அந்த ஆட்டம் எங்களுக்கு எப்படி வந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். பிரதி எடுத்த ஃப்ளாப்பியில் வந்தது. முதல் நிலை முடிந்ததும் ஓர் அறையில் எழுத்துகள் போட்ட குடுவைகள் வரும். கையேட்டின் இன்ன பக்கத்தில், இன்ன வரியில், இன்ன சொல்லின் முதல் எழுத்து எதுவோ அந்தக் குடுவையைக் குடி என்று திரை சொல்லும். தவறான குடுவை உயிரைக் குறைக்கும். காசு கொடுத்து வாங்கியவர்களிடம் கையேடு இருக்கும். எங்கள் ஊரில் அந்தப் பெட்டியைக் கடையில் வைத்து விற்றவர் யாருமில்லை. கணினிப் பயிற்சி மையத்துக்குப் போய்வந்த அண்ணன்கள், எந்தப் பக்கத்துக்கு எந்த எழுத்து என்று கண்டுபிடித்து ஒரு பட்டியல் எழுதி வைத்திருந்தார்கள். அது கோடு போட்ட நோட்டுத்தாளில் தெருத்தெருவாகக் கைமாறியது. ஒரு தலைமுறையே அந்தக் கலைஞர்களுக்கு ஒரு பைசா கொடுக்காமல் அவர்களுடைய படைப்பில் வளர்ந்தது. வாங்கும் வழி எங்களுக்கு இருக்கவில்லை என்பது உண்மை. நாம் அவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறோம் என்பதும் உண்மை. பெயர் சொல்லிப் பேசுவது அந்தக் கடனில் நம்மால் அடைக்க முடிந்த பகுதி என்று நினைக்கிறேன்.

அம்மாவின் ஆட்டம் வேறு. விண்டோஸில் இருந்த சாலிட்டேர். சீட்டுக்கட்டு வீட்டுக்குள் வரக்கூடாது என்று வளர்ந்தவர் அவர். மதியம் வேலையெல்லாம் முடிந்து, நாங்கள் பள்ளியில் இருக்கும் நேரத்தில் தானாகவே கற்றுக்கொண்டிருக்கிறார். மவுஸைப் பிடித்து ஒரு சீட்டை இழுத்து இன்னொன்றின்மேல் விடுவதற்கு அக்காவுக்கே முதலில் கை வரவில்லை. அம்மாவுக்கு வந்துவிட்டது. மைக்ரோசாஃப்டில் பயிற்சிக்கு வந்த வெஸ் செர்ரி என்ற மாணவர் எழுதிய ஆட்டம் அது. சீட்டுகளின் உருவங்களை வரைந்தவர் சூசன் கேர். மெக்கின்டாஷ் கணினியின் முதல் சின்னங்களை வரைந்தவரும் அவரே. இழுத்து விடும் பழக்கத்தை அந்தச் சீட்டாட்டத்தில்தான் உலகமெங்கும் பலர் கற்றார்கள். ஆறு மாதம் கழித்து அப்பாவுக்குக் காய்ச்சல் வந்து கிடந்தபோது, அவர் படுக்கையிலிருந்து சொல்லச் சொல்ல, இரண்டு கடைகளின் கணக்கை அம்மா கணினியில் ஏற்றினார்.

கடைசியாக கொரில்லா. டாஸ் 5-உடன் இலவசமாகவே வந்தது. இரண்டு கட்டடங்களின் மேல் இரண்டு கொரில்லாக்கள், ஒன்றின்மேல் ஒன்று வெடிக்கும் வாழைப்பழத்தை எறியும். கோணம் எவ்வளவு, வேகம் எவ்வளவு என்று எண்களைக் கொடுக்க வேண்டும். காற்றின் திசையைக் கீழே ஓர் அம்புக்குறி காட்டும். பழம் சூரியனைத் தொட்டால் சூரியன் வாயைப் பிளக்கும்.

அப்பாவுக்குப் பிடித்த ஆட்டம் இது ஒன்றுதான். ஆட்டத்தையும் அவர் கணக்காகவே பார்த்தார். நோட்டின் பின்பக்கத்தில் கோடு போட்டு, காற்று, கோணம், வேகம், பலன் என்று நாலு பத்தியில் எழுதிக்கொண்டே வருவார். அக்கா அப்போது பள்ளியில் எறிபொருள் இயக்கம் படித்துக்கொண்டிருந்தாள். "அப்பா, நாற்பத்தைந்து டிகிரியிலதான் ரொம்ப தூரம் போகும். எங்க புத்தகத்துல இருக்கு" என்றாள். அப்பா தன் நோட்டைப் புரட்டினார். காற்று அடிக்காத வரிகளில் அது சரியாகவே இருந்தது. பாடப்புத்தகமும் பேரேடும் ஒரே பதிலைச் சொன்னதில் இருவருக்கும் வந்த மகிழ்ச்சியை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். ஆட்டம் தொடங்கும்போதே ஈர்ப்பு விசை எவ்வளவு என்று கேட்கும். பூமிக்கு 9.8. அக்கா 1.6 என்று அடித்தாள். "இது நிலா" என்றாள். பழம் திரைக்கு வெளியே பறந்தது.

கொரில்லாவின் அருமை இன்னொன்றில் இருக்கிறது. அதை ஆட வேண்டுமென்றால் டாஸுடனேயே வந்த கியூபேசிக்கில் அதன் நிரலைத் திறந்துதான் ஓட்ட வேண்டும். ஒவ்வொரு முறையும் அந்தப் பக்கத்தைத் தாண்டியே ஆட்டத்துக்குள் போக முடியும். ஆட்டத்தின் வேகம் எந்த வரியில் இருக்கிறது, அதில் 500 என்ற எண்ணை மாற்றினால் என்ன ஆகும் என்று நிரலின் தலைப்பிலேயே விளக்கி எழுதியிருந்தார்கள். அங்கே நிறுவனத்தின் பெயர் மட்டும்தான் உண்டு, எழுதியவரின் பெயர் இல்லை. ஆனால் எழுதியது முழுவதும் கண்முன் கிடந்தது. அக்கா அந்த எண்ணை மாற்றினாள். பிறகு நிறங்களை மாற்றினாள். ஆட்டம் என்பது ஆகாயத்திலிருந்து விழுந்த ஒன்றல்ல, ஒருவர் உட்கார்ந்து வரிவரியாக எழுதியது என்று எங்கள் வீட்டில் முதலில் கண்டுகொண்டவள் அவள்தான். இன்று பிள்ளைகளின் கையில் இருக்கிற ஆட்டங்கள் எவ்வளவோ அழகானவை, ஆனால் அவற்றின் மூடியைத் திறக்க முடியாது. இது ஓர் இழப்பு என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

இனி, முன்பு நினைவில் வைக்கச் சொன்ன ஃப்ளாப்பி விஷயத்துக்கு வருகிறேன். பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவின் மூல நிரல் பல ஆண்டுகள் காணாமல் போயிருந்தது. எழுதியவரிடமே இல்லை. 2012-இல் அவருடைய தந்தை, இசை அமைத்த அதே பிரான்சிஸ், வீட்டு அலமாரியில் ஒரு பெட்டியைக் கண்டெடுத்து மகனுக்கு அனுப்பினார். உள்ளே அந்த ஃப்ளாப்பிகள். இருபது ஆண்டுக்கு மேல் ஆன காந்தத் தகடுகள். ஆவணக் காப்பில் கைதேர்ந்தவர்கள் வந்து உட்கார்ந்து மீட்டார்கள். இன்று அந்த நிரலை யார் வேண்டுமானாலும் இணையத்தில் படிக்கலாம். 2015 ஜனவரியில் இன்டர்நெட் ஆர்க்கைவ் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட டாஸ் ஆட்டங்களை உலாவியிலேயே ஆடும்படி வைத்தது. அங்கே பாதுகாக்கிறார்கள்.

நம் வீடுகளில்? பரணில் பழைய ஃப்ளாப்பிகள் இருக்கின்றன. அவற்றில் ஆட்டம் மட்டுமா இருக்கிறது? தமிழுக்கு ஆளுக்கொரு குறியேற்றத்தில் எழுத்துரு செய்துகொண்டிருந்த காலம் அது. ஒருவர் தட்டியதை இன்னொருவர் கணினியில் திறந்தால் தமிழாகவே தெரியாது. 1999-இல் சென்னையில் கூடிய மாநாட்டின் முயற்சியில் தமிழ்99 விசைப்பலகை வருவதற்கு முன்பும் பின்பும் இப்படித் தட்டிய கதைகள், சிற்றிதழ்ப் பக்கங்கள், குடும்பக் கடிதங்கள் அந்தத் தகடுகளில் கிடக்கின்றன. எழுத்துருக் கோப்பும் கூடவே பிழைத்தால்தான் அவை எழுத்து.

நடைமுறையாகச் சிலவற்றைச் சொல்கிறேன். நம் ஊர் ஈரத்துக்கு ஃப்ளாப்பியின் தகட்டில் பூஞ்சை பிடிக்கும். வெள்ளைப் புள்ளி தெரிந்தால் டிரைவில் போடாதீர்கள். டிரைவும் கெடும், தகடும் கீறிப்போகும். விவரம் தெரிந்தவரிடம் கொடுங்கள். நன்றாக இருந்தால், யுஎஸ்பி ஃப்ளாப்பி டிரைவ் ஒன்று வாங்கி, கோப்புகளை மட்டும் நகலெடுக்காமல் முழுத் தகட்டையும் ஒரே பிம்பக் கோப்பாக எடுத்து வையுங்கள். மேலே ஒட்டியிருக்கும் சீட்டையும் படம் பிடியுங்கள், அதில் இருப்பது யாரோ ஒருவரின் கையெழுத்து. 386, 486 கணினி இன்னும் வீட்டில் இருந்தால், முதல் வேலையாக மதர்போர்டில் இருக்கும் சின்ன பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். அது கசிந்து போர்டையே அரித்துவிடும். எங்கள் வீட்டுக் கணினி அப்படித்தான் போனது.

பிம்பமாக எடுத்ததை வீட்டிலேயே வைத்திருக்க வேண்டாம், இங்கே கொண்டுவந்து கொடுங்கள். வாங்கி, விவரம் எழுதி, அடுக்கி வைக்க நூலகர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

வெளியே கூடத்தில் ஒரு கணினி வைத்திருக்கிறோம். பழைய டாஸ் ஆட்டங்களை ஓட்டும் டாஸ்பாக்ஸ் என்ற மென்பொருளில் பிரின்ஸ், டேவ், பாராட்ரூப்பர், கொரில்லா நாலும் ஓடுகின்றன. பிள்ளைகளை முதலில் விடுங்கள். முதல் திரை வரும்போது விசையைத் தட்டாமல், அதில் இருக்கும் பெயரை அவர்களைப் படிக்கச் சொல்லுங்கள். கொரில்லா ஆடுகிறவர்கள் நிரலைத் திறந்து எந்த எண்ணை வேண்டுமானாலும் மாற்றலாம். கெட்டுப்போனால் பயப்பட வேண்டாம், இன்னொரு பிரதி என்னிடம் இருக்கிறது. என் அக்காவும் வந்திருக்கிறாள், சந்தேகம் இருந்தால் அவளிடம் கேளுங்கள்.